சமையலறைக்கு ஒரு ஜன்னல் கேட்டு

ஜனவரி 27, திங்கள்
எண்ணூரில் வேம்பு சித்தி குடியிருந்த பழைய குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். அதன் வரைபடம் இன்று கைக்கு வந்தது. ஒரு வீட்டுச் சமையலறைக்குக்கூட ஜன்னல் இல்லை. வேறெங்கோ கட்டியதை அப்படியே பிரதி எடுத்து இங்கே நட்டுவிட்டார்கள். ஆர்க்கிடெக்ட் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு.

என்னோடு இந்த ஆர்க்கிடெக்ட் ஆபீஸை நடத்தும் தீபன் பார்த்துவிட்டு, "நம்ம ஆளு ஒருத்தன் பாத்திருந்தா இப்படி வந்திருக்குமா?" என்றான். நம்மை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுங்கள் என்று நாமும் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு
ஆர்க்கிடெக்டுகள் சங்கக் கூட்டம், ஏசி ஹாலில். 'சட்டம் இயற்றுபவர்களோடு பேசுவோம்' என்று பேனர். டெல்லியிலிருந்து வந்தவர் நன்றாகவே பேசினார். நாம் வாயைத் திறக்காததால்தான் நம்மைக் கேட்காமலே சட்டம் வருகிறது என்றார். ஒரே கைதட்டல்.

நான் எழுந்து எண்ணூர் விஷயத்தைச் சொன்னேன். சட்டசபை கூடப்போகிறது, அந்தத் தொகுதி எம்.எல்.ஏ.வை நாம் கூட்டமாகப் போய்ப் பார்க்கலாமே, யார் வருகிறீர்கள்?

பாதிப் பேர் போனுக்குள் குனிந்துவிட்டார்கள். "பாலிடிக்ஸ் சாக்கடை மேடம், நமக்கு வேணாம்" என்றது ஒரு குரல். சாக்கடைக்கும் தண்ணீர் ஓட வாட்டம் வரைந்து கொடுக்கிற தொழில்தானே நம்முடையது?

தலைவர் லூயிஸ் கடைசியில் வாய் திறந்தார். "நீங்க நார்த் மெட்ராஸ் பொண்ணுதானே? அந்த பாஷை உங்களுக்குத்தான் வரும். நீங்க ஏற்பாடு பண்ணுங்க, நான் வர்றேன்."

அந்த பாஷை. சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு எல்லோரும் பிரியாணிக்குப் போய் வரிசையில் நின்றார்கள்.

பிப்ரவரி 3
அந்த பாஷையிலேயே எம்.எல்.ஏ. ஆபீஸுக்கு போன் போட்டேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள்.

பிப்ரவரி 7, வெள்ளி
எம்.எல்.ஏ. ஆபீஸ். உதவியாளர் குமாரவேல் என் கையிலிருந்த சுருளைப் பார்த்ததுமே, "இன்னா மேடம், பிளான் பாஸ் ஆவலியா? யாராண்ட மாட்டிகினு கீது?" என்றார்.

என்னுடையது எதுவும் மாட்டவில்லை, எண்ணூர் பிளாக்கில் சமையலறைக்கு ஜன்னல் இல்லை என்றேன்.

"அதுக்கு நீங்க இன்னாத்துக்கு வர்றீங்க?"

கிண்டல் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. ஆர்க்கிடெக்ட் என்றால் சொந்த ஃபைலைத் தள்ளிவிட வருகிற ஆள் என்றுதான் அவர் பார்த்து வைத்திருக்கிறார். பழக்கியது யார்? எங்கள் ஆட்கள்தான். எத்தனை வருஷமாகவோ.

பிப்ரவரி 19, புதன்
லூயிஸோடு எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனேன். போயிருக்கவே கூடாது.

சால்வை. போட்டோ. தான் கண்ணை மூடிவிட்டதாகச் சொல்லி லூயிஸ் மறுபடியும் ஒரு போட்டோ. எம்.எல்.ஏ. கேட்ட முதல் கேள்வி: "ஆர்க்கிடெக்ட்னா வாஸ்து பாப்பீங்கல்ல?" லூயிஸ், "தாராளமா சார்" என்றார். ச்சீ.

பிறகு லூயிஸ் பேசியதெல்லாம் எங்கள் ஃபீஸ், எங்கள் விருது விழா, சார் சீஃப் கெஸ்டாக வர வேண்டும். நான் வரைபடத்தை விரிக்கப்போனேன். அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே லூயிஸ், "அது இன்னொரு நாள் பேசலாம்மா" என்றார்.

திரும்பும்போது காரில், "நல்லா போச்சு, இல்ல?" என்று வேறு கேட்டார். தண்டையார்பேட்டை வருவதற்கு முன்பே இறங்கிக்கொண்டேன். கன்டெய்னர் லாரிகள் கக்குகிற புகையில் நடந்து வந்தேன். அந்தக் காரின் வாசனைக்கு அது எவ்வளவோ தேவலாம்.

பிப்ரவரி 20
இன்னா தொழிலுடா இது.

மார்ச் 6, வியாழன்
ஒரு பொய் சொன்னேன். குமாரவேலிடம் போய், எண்ணூர் பிளாக்கில் வாஸ்து சரியில்லை, எலெக்ஷன் நேரத்தில் அண்ணன் பேர்தான் கெடும் என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் வாயைக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

ஆனால் எம்.எல்.ஏ. வந்தார்.

மாதிரிக்கு முடித்து வைத்திருந்த வீட்டுக்குள் கூட்டிப்போனேன். வீடு முடியும்வரை எதிரே தகர ஷெட்டில் இருக்கும் சித்தி, நான் சொன்னபடி அடுப்பைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்திருந்தாள். "கொஞ்ச நேரம் இங்க நில்லுங்க சார்" என்று கதவைச் சாத்தினேன். சித்தி எண்ணெயைக் காயவைத்து மிளகாயைப் போட்டாள்.

எம்.எல்.ஏ. இருமிக்கொண்டே கதவைத் தள்ளினார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னா நைனா, இதுக்கே ஓட்றியா? நான் காலம் பூரா இதுக்குள்ளதான் ஆக்கணும்" என்றாள் சித்தி.

வெளியே வந்து முகத்தைத் துடைத்தார். வாஸ்து என்ற பேச்சே இல்லை. "இதுக்கு இன்னா பண்ணணும், சொல்லுங்க."

இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு, அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. எந்தச் சுவரைத் திறக்கலாம் என்று காட்டினேன். இனிமேல் இப்படி ஒரு பிளாக் வரும்போது முதலிலேயே ஒரு ஆர்க்கிடெக்ட் பார்க்க வேண்டும், அதில் குடியிருக்கப்போகிறவர்களையும் கேட்க வேண்டும், அதற்கு விதி வேண்டும் என்றேன்.

"எனக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க. சபைல கேக்கறேன்."

ஏப்ரல் 2, புதன்
கேட்டார். நானும் தீபனும் போனில் பார்த்தோம். 'ஆர்க்கிடெட்டு' என்றுதான் படித்தார். ஆனால் ஜன்னல் என்ற சொல்லை மட்டும் நிறுத்தி, அழுத்திச் சொன்னார். ஆவன செய்யப்படும் என்று பதில் வந்தது. தீபன் டீ வாங்கப் போனான்.

ஏப்ரல் 4
'சங்கத்தின் தொடர் முயற்சிக்கு வெற்றி.' வாட்ஸ்அப்பில் அந்தச் சால்வை போட்டோ. ஓரத்தில் என் தோள் மட்டும் தெரிகிறது. த்தூ.

லூயிஸைக் கூப்பிட்டேன். "சங்கம்னா எல்லாரும்தானேம்மா" என்றார்.

"அப்ப அடுத்த தடவை எல்லாரையும் கூட்டிட்டு வாங்க சார்."

லைன் கட்டாகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு
எண்ணூர் போயிருந்தேன், தீபனும் வந்தான். எல்லா மாடியிலும் சுவரைத் திறந்து ஃபிரேம் வைத்துவிட்டார்கள். விதி விஷயம் 'பரிசீலனையில்'.

சித்தி தனக்கு வரப்போகும் சமையலறையில் நின்று ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்தாள். விரல் நுனியில் அனல் மின் நிலையத்துச் சாம்பல்.

"ஜன்னலு வந்துட்சி. இதுக்கு யாராண்ட போவ?"

தீபன் இதுவரை எம்.எல்.ஏ. ஆபீஸ் படி ஏறியதே இல்லை. அவன்தான் கேட்டான்: "எம்.எல்.ஏ. எந்தக் கிழமை இருப்பாரு?"

"புதன்" என்றேன். "காலைலயே வந்துரு. உக்கார எடம் கெடைக்காது."