கால் கொடுக்காத வாக்கு

10.3.1983, வியாழன்

பதினேழு வருடமாக வியாழன் தவறாமல் தக்கியாப் பள்ளியில் றபான் மேளம் அடித்து இறைபுகழ் றாத்திபு ஓதியவன், இன்று போகவில்லை. சவூதியிலிருந்து வந்திருக்கும் மச்சான் அதெல்லாம் மார்க்கத்தில் கூடாது என்கிறார். அவருடைய மகனுக்குத்தான் என் மகளைப் பேசியிருக்கிறோம். அதனால் இனிப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அவர் என் புடவைக்கடையில் வந்து இருந்தார். தக்கியாவில் றபான் சத்தம் தொடங்கியது. நான் சீத்தைத் துணி அளந்து வெட்டிக்கொண்டிருந்தேன்.

"சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க மச்சான்," என்றார்.

"ஓம்."

"அப்ப மேசைக்குக் கீழ தாளம் போடுற கால் ஆருட?"

குனிந்து பார்த்தேன். என்னுடையதுதான்.

"கால் உங்களுக்கு வாக்குத் தரல்லயே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறிக்க நாளை வருவதாக இருந்தவர், அதைப் பற்றி ஒன்றும் கதைக்காமல் எழும்பிப் போனார். துணியைத் திரும்ப அளந்தேன். ஒரு யார் துணி கூடுதலாக வெட்டியிருக்கிறேன்.