இரவல் போன துப்பாக்கிகள்

நவம்பர் 2, சனி

இன்று நாங்கள் குறி சுட்டுப் பழகும் ஜல்லிக்குழியில் மகா யுத்தம். வழக்கம்போல வென்றது நான்தான். வழக்கம்போல அதை ஒப்புக்கொள்ள அங்கே ஆளில்லை.

அக்கா மகன் கோல்பி புதிதாக ஒரு பிஸ்டல் வாங்கி வந்திருந்தான். உடம்பெல்லாம் பிளாஸ்டிக். பல் துலக்கும் பிரஷ்ஷுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. பதினேழு தோட்டா பிடிக்குமாம். நாலாவதிலேயே குளிரில் சிக்கிக்கொண்டது. நான் ரிவால்வர் கட்சி; உருளை சுழலும் என்னுடையதை எடுத்து ஆறு முறை சுட்டேன். ஆறாவது வெடியில் மொன்டானா மாநிலமே ஓர் அங்குலம் மேற்கே நகர்ந்தது. குழிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மாடுகள் எழுந்து நின்று மரியாதை செய்தன.

"மாமா, நீங்க ஆறு சுட்டுட்டு மறுபடி ஒவ்வொண்ணா போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய் சாப்பிட்டு வந்துடுவேன்."

"போய் சாப்பிட்டு வா. அப்பவும் உன்னுது சிக்கிக்கிட்டுதான் கிடக்கும்."

ஹார்லன் ரயில்வேயில் ஓய்வு பெற்றவன், பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதன். ரைஃபிள் கட்சி. முழங்கையை மேசையில் ஊன்றி, கால் மணி நேரம் மூச்சை அடக்கி, ஒரே ஒரு குண்டு சுடுவான். "கைத்துப்பாக்கியெல்லாம் சத்தம் போடத்தான்டா லாயக்கு. மான் விழணும்னா இதுதான்" என்றான்.

"உன் மான் குண்டு பட்டா விழுது? நீ எப்பச் சுடுவேன்னு நின்னு நின்னு வயசாகி விழுதுடா."

கோல்பி சிரித்ததில் காப்பி மூக்கு வழியே வந்தது. வீட்டுக்கு வந்ததும் இதைச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். மனைவி டோரீன் போய்ச் சேர்ந்த பிறகு இது முதல் இலையுதிர்காலம். ஃபிரிஜ் மட்டும் முனகியது. ரசனை கெட்ட ஃபிரிஜ்.

நவம்பர் 5

பனி. யாரோடும் பேசவில்லை. ரேடியோவில் வானிலை சொல்பவனோடு சண்டை போட்டேன். அவன்தான் ஜெயித்தான்.

நவம்பர் 9, சனி

கோல்பி மொத்தமாகத் தோட்டா வாங்கப் போகிறானாம். "உங்களுக்கு எத்தனை பெட்டி மாமா?" என்றான்.

"எனக்கு எதுக்குடா? வசந்தம் வரைக்கும் நான் இருக்கப்போறதில்ல" என்றேன்.

வழக்கமான குரலில்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஹார்லன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். என் நகைச்சுவை வாழ்வில் முதல் தோல்வி. ஒருவேளை குளிர் காரணமாக இருக்கலாம்.

நவம்பர் 12

வரலாறு திரும்பிய நாள்! சாயங்காலம் கோல்பி வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"மாமா, உங்க ரிவால்வர் ரெண்டையும் கொஞ்ச நாள் கொடுங்களேன். பிஸ்டல் அலுத்துப்போச்சு."

காதில் தேன் அல்ல, தேன்கூட்டையே கவிழ்த்தான். எத்தனை வருடப் பிரசாரம்! உருளை சுழல்வதில் உள்ள நேர்மையைப் பற்றி அவனுக்கு ஓர் உரை நிகழ்த்தினேன். இடைவேளை விட்டு மறுபடியும் நிகழ்த்தினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டான். போகும்போது தோட்டாவையும் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு போனான். மதம் மாறியவனுக்கே உரிய தீவிரம்.

நவம்பர் 16, சனி

அடுத்த சரணாகதி! ஹார்லனின் ரைஃபிளில் குறிபார்க்கும் தொலைநோக்கி கோணிக்கொண்டதாம். மான் வேட்டைப் பருவம் முடிவதற்குள் என் அப்பாவின் பழைய ரைஃபிளைத் தர முடியுமா என்றான். "விறகுக்கு விசை வச்ச மாதிரி இருக்கு" என்று அதை வாழ்நாள் முழுக்கத் திட்டியவன் இவன். "இன்னொண்ணையும் கொடேன், ட்வைலா பழகட்டும்" என்று சின்ன ரைஃபிளையும் வாங்கிக்கொண்டான். ட்வைலா அவன் மனைவி. பட்டாசுச் சத்தத்துக்கே மேசைக்கடியில் போகிறவள்.

அலமாரி காலி. என் புகழ் ஊரெங்கும் இரவல் போயிருக்கிறது. துப்பாக்கிகளின் போப்பாண்டவராக என்னை அறிவிக்க இன்னும் யாரும் வரவில்லை. வருவார்கள்.

நவம்பர் 23, சனி

குழிக்குப் போனேன், என் துப்பாக்கிப் பிள்ளைகளின் பட்டாபிஷேகத்தைப் பார்க்க. கோல்பி தன் பிளாஸ்டிக்கையேதான் சுட்டுக்கொண்டிருந்தான். ஹார்லன் கையில் அவனுடைய ரைஃபிள். அதே தொலைநோக்கி. ஒரு கோணலும் இல்லை.

"என் ரிவால்வர் எங்கடா?"

"மறந்துட்டேன் மாமா."

பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும், ஐந்து வயதிலிருந்தே. இன்று இரண்டு காதும் சிவந்தன. ஹார்லன் என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தான்.

புரிந்துவிட்டது.

டேய், என்னை என்னன்னு நினைச்சீங்கடா? குழந்தையா நான்? கையிலிருந்து கத்தியைப் பிடுங்குற மாதிரி ஒவ்வொண்ணா... நானும் இளிச்சவாயனாட்டம் எடுத்துக் கொடுத்து, எண்ணெய் போட்டு, உரை வேற நிகழ்த்தி!

ஒரே குண்டில் மூன்று எல்க் மான் விழுந்ததைச் சொன்னேன், நம்பினார்களா? கரடி ஒன்று என்னிடம் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னேன், நம்பினார்களா? என் ஆயுளில் நான் சொன்ன எதையுமே நம்பாத பயல்கள், வசந்தம் வரைக்கும் இருக்கமாட்டேன் என்றதை மட்டும் எப்படி நம்பினார்கள்?

— அது ஒன்றைத்தான் நான் கூட்டிச் சொல்லவில்லை. அதனாலா?

நவம்பர் 28, நன்றி நாள்

ட்வைலா இரண்டு முறை போன் செய்தாள், பண்டிகை விருந்துக்குக் கூப்பிடத்தான் இருக்கும். எடுக்கவில்லை. மத்தியானம் ஹார்லனின் டிரக் வந்து நின்றது. வான்கோழித் தட்டைப் படியில் வைத்தான். கதவைத் தட்டவில்லை. டிரக்கில் ஏறி, எஞ்சினை ஓடவிட்டு, வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். இரண்டு கிழவர்களும் பிடிவாதத்தில் உலக சாம்பியன்கள்.

வான்கோழி நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 6

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது.

டிசம்பர் 8

நேற்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றும். சட்டை மாற்றவில்லை. டோரீன் இருந்திருந்தால்— சரி, இல்லை.

டிசம்பர் 9

காலையில் எழுந்ததும் மனதை யோசிக்க விடாமல் காலணியை மாட்டினேன். டோரீனின் மேசை இழுப்பறையில் இருந்ததை எடுத்தேன், தோட்டாவைக் கழற்றினேன், துணிப்பையில் போட்டேன். டிரக் கிளம்ப மாட்டேன் என்றது. கெஞ்சினேன். கிளம்பியது.

ஹார்லன் கதவைத் திறந்தான். பையை நீட்டினேன். "இதையும் வச்சுக்கோ" என்றேன்.

அவன் வாங்கிக்கொண்டான். உள்ளே அழைத்து, மேசையில் வைத்துப் பையைப் பிரித்தான். பிரித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"டேய் வெர்ன்... இது பிஸ்டல்டா."

"தெரியும்."

"உன் வீட்டுல பிஸ்டலா?"

"டோரீனுது. ரிவால்வர் விசையை இழுத்தா விரல் வலிக்குதுன்னு அவளே போய் வாங்கிட்டு வந்தா. குழியில யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். கடைசி வரைக்கும் விடல."

ஹார்லனின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரிக்கிறான், பாவி. கண்ணில் தண்ணீரும் வருகிறது. சமையலறையிலிருந்து ட்வைலா ஓடிவந்து, விஷயம் கேட்டு, "அப்போ டோரீன் உங்க கட்சியே இல்லையா!" என்று நாற்காலியில் விழுந்து சிரித்தாள். ஹார்லன் உடனே கோல்பிக்குப் போன் போட்டான்.

"டேய், உன் அத்தை உன் கட்சிடா!"

"என்னது? அத்தையா? மாமா என்னைத் திட்டின திட்டெல்லாம்..."

போனுக்குள் அவன் ஊளையிட்டது தேசத்தின் தலைநகர் வரை கேட்டிருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தது எங்கேயோ வழி மாறி, அழுகையாகிவிட்டது. ட்வைலா தோளில் கை வைத்தாள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. நல்லவேளை.

கொஞ்ச நேரம் கழித்து, பையை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஹார்லன் கேட்டான்: "வேற ஏதாச்சும் இருக்கா?"

"இல்லடா. இதான் கடைசி."

நம்பினான்.

"உக்காருங்க வெர்ன், சூப் இருக்கு" என்றாள் ட்வைலா. மூன்று கிண்ணம் குடித்தேன். முப்பது என்று எழுதத்தான் கை போகிறது. மூன்றுதான்.

டிசம்பர் 10

கோல்பி காரில் மருத்துவரிடம் போனேன். அந்த அம்மாளிடம் கரடிக் கதையைச் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னேன்.

ஜனவரி 14

மோசமான நாள். ஹார்லனைக் கூப்பிட்டேன். வந்தான். சீட்டு ஆடினோம்.

மார்ச் 22, சனி

குழியில் பனி கரைந்து சேறு. கோல்பி, டோரீனின் பிஸ்டலை ஹார்லனிடம் வாங்கிக் கொண்டுவந்திருந்தான். மூவரும் மாறி மாறிச் சுட்டோம். சிக்கவே இல்லை, சனியன்.

"என்ன மாமா, எப்படி இருக்கு?"

"உன் அத்தைக்காகச் சுட்டேன். கட்சி மாறல."

கிளம்பும் நேரத்தில், துப்பாக்கிகளை எப்போது வீட்டுக்குக் கொண்டுவரட்டும் என்று ஹார்லன் கேட்டான். யோசித்தேன்.

"உங்க ரெண்டு பேர்கிட்டயே இருக்கட்டும்டா. அடுத்த குளிர்காலமும் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

"சரி" என்றான். மூக்குக் கண்ணாடியைத் துடைக்கப் போனவன், துடைக்காமல் மாட்டிக்கொண்டான்.