பலகை விலை

பிரிக்பீல்ட்ஸ்,
அக்டோபர் 1945

தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது.

நீ செந்தூலிலிருந்து கொடுத்தனுப்பிய மரவள்ளிக்கிழங்கு வந்தது. நேற்றும் சயாமிலிருந்து ஒரு ரயில் வந்தது. மாப்பிள்ளை அதிலும் இல்லை.

நீ அக்கம்பக்கத்தில் சொல்வது என் காதுக்கு வந்தது. "எங்கண்ணன் என்ன செய்வாரு? ஜப்பான்காரன் சொன்ன விலையத்தானே எழுதினாரு!"

அதனால்தான் எழுதுகிறேன். ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்ட பண நோட்டை அடித்துத் தள்ளியதில் விலை தினமும் ஏறிய காலம் அது. சந்தைக்குப் போய்ப் பாசார் விலையைக் குறித்து ஜப்பான் அதிகாரியிடம் கொடுப்பது என் வேலை. அதை வைத்துத்தான் மாப்பிள்ளை வேலை பார்த்த ரயில் பட்டறையில் சம்பளம் போட்டார்கள். நானோ கடைப் பலகையில் ஒப்புக்கு எழுதியிருந்த அரிசி விலையையே எழுதினேன். அந்த விலைக்கு எங்கும் அரிசி கிடையாது. என் வீட்டுக்கே நாலு மடங்கு கொடுத்துப் பின்கதவில்தான் வாங்கினேன்.

மாப்பிள்ளை ஒருநாள் வந்து கேட்டார். "மச்சான், இந்த விலைக்கு எந்தக் கடையில போடுறான்? சொல்லுங்க, இப்பவே பையோட போறேன்."

சிரித்து மழுப்பினேன். அடுத்த மாதம், அங்கே சோறாவது போடுவார்கள் என்று, சயாம் ரயில்பாதை வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

பலகை விலையை எழுதச் சொல்லி யாரும் என்னை மிரட்டவில்லை, தங்கச்சி. ஜப்பான் அதிகாரி ஒருமுறை, "இது நிஜ விலைதானா?" என்றுகூடக் கேட்டார். விலை ஏறவில்லை என்றால் அவர் முகம் மலரும் என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்றேன்.

கிழங்கு அப்படியே இருக்கிறது. இதைப் படித்த பிறகும் நீ சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறேன்.

உன் அண்ணன்