சிந்தாத நடை

12.8.1986, செவ்வாய்

இன்று ஆஸ்பத்திரியில் என் நடையை வீடியோ பிடித்தார்கள். முட்டி வலிக்குக் கத்தி வைப்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். நடைப் பயிற்சி கொடுக்கும் பரிமளா அதை டிவியில் மெதுவாக ஓட்டிக் காட்டினாள்.

"கையில என்னக்கா தூக்கிட்டுப் போறீங்க?"

"ஒண்ணும் இல்லலா. பையைக்கூட உன்கிட்டதானே கொடுத்தேன்?"

"அப்புறம் ஏன் கை ஆடவே மாட்டேங்குது? முட்டியும் நிமிரல. தோளைப் பாருங்க, ஒரு பக்கமா இறங்கி இருக்கு."

பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு முனையிலும் ரப்பர் பால் வாளி. சிந்தினால் பால் நிறுக்கும் கிராணி திட்டுவார் என்று முட்டியை மடக்கி நடந்த அதே நடை. தோட்டத்தை விட்டுப் புந்தோங்குக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஃபேக்டரியில் வேலை. ஆனாலும் இந்த உடம்பு இன்னும் வாளியை இறக்கவில்லை.

பரிமளாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"கத்தியெல்லாம் அப்புறம் பாக்கலாம்க்கா. மொதல்ல கையை வீசி நடங்க."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீசி நடந்தேன். கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "யாரோட சண்டைக்குப் போறம்மா?" என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வீட்டு வாசல் வரை நிறுத்தவில்லை.

சற்று முன் ஒரு கையில் மைலோ கோப்பையும், வீசிய மறு கையுமாக அடுப்படியிலிருந்து வந்தேன். வழியெல்லாம் சிந்திவிட்டது.

துடைக்கவில்லை. சிந்தினால் சிந்தட்டும்.