மூலை மழுங்கிய அறை

நண்பா,

இன்று காலை ஆலங்காயத்தில் மலைக்குப் போகும் ஜீப்புக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் லாரிக்குக் கடுக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை தையல் பிரிந்து காயெல்லாம் சாலையில் உருண்டது. அந்தத் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியதும், பேசாமல் போளூருக்கே திரும்பிவிடலாமா என்று தோன்றியது. போவது உன் வீட்டுக்கு. நீ கண்ணை மூடி ஏழு மாதம் கழித்து, முதல் தடவையாக. அவ்வளவு பெரிய தைரியசாலி நான். காலடிக்கு வந்த ஒரு காயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நான் உன்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல அந்தக் கோட்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற குன்று, அதன் தலையில் கோட்டை. அடியில் செதுக்காத பாறைக்கற்களை அடுக்கிய பழைய சுவர். அதன் மேல், பின்னால் வந்தவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து உயர்த்தியது. உச்சியில், அதற்கும் பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் பீரங்கிக்காகத் திறந்த வாய்கள். கோட்டை மூன்று கை மாறிய கதையைச் சுவரே சொல்லும். யானை ஓடிவந்து கதவை முட்ட இடம் கிடைக்காதபடி வாசல் வழி இரண்டு தடவை வளையும். பீரங்கி வாய்களில் பாதிக்கு மேல் கடலைப் பார்க்காமல் நிலத்தைப் பார்க்கும். கட்டியவர்களுக்குப் பயம் எந்தப் பக்கம் என்று அதிலேயே தெரிந்துவிடும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. நான் வாத்தியார், படித்ததை ஒப்பிக்கத் தெரியும்.

எங்கள் வரலாற்று ஆர்வலர் குழுவை உன் ஜீப்பில்தான் அங்கே கூட்டிப்போனாய். சாமை வேலை இல்லாத நாட்களில் நெல்லிவாசலுக்கும் ஆலங்காயத்துக்கும் ஆள் ஏற்றுகிற அதே ஜீப். பள்ளிக்கூட விடுதியில் நாம் இருவரும் ஒரே தகரப் பெட்டியில் துணி வைத்திருந்தவர்கள். அன்று குழுவில் ஒருவர் உன்னைக் காட்டி யார் என்று கேட்டபோது, "ஜீப் இவருடையது" என்றேன். நண்பன் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ ஜீப்பின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். கேட்டிருப்பாய்.

மற்றவர்கள் கொத்தளத்தில் நின்று கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாம் இருவர் மட்டும் எல்லோரும் சிறை என்று சொல்லும் அந்த இருட்டறைக்குள் இறங்கினோம். கூரையிலிருக்கும் துளை வழியாகத்தான் கைதிக்குச் சோறு இறக்குவார்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். நீ சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

"இன்னாடா ஜெயிலு? மூலையப் பாரு, எங்கனா கூரா கீதா? எல்லாம் மழுங்கக் கீது. மனுசன அடைக்கிறதுக்கு எவன்டா மூலைய மழுக்குவான்?"

"பின்ன இன்னா இது?"

"தண்ணித் தொட்டிடா. மூலை கூரா இருந்தா அங்கதான் வெடிப்பு வுடும். என் வூட்டுத் தொட்டி மொத வருசம் மூலையிலதான ஒழுகுச்சு. அப்பறம் மழுக்கிப் பூசுனேன், நின்னுச்சு."

பிறகு மேலே கை காட்டினாய். துளையின் விளிம்புக் கல்லில் கயிறு அறுத்த தடங்கள். "ஒருத்தனுக்குச் சோறு எறக்குனா கல்லு இப்டியா தேயும்?" மேற்கூரை மழையைக் கொண்டுவந்த மண்குழாயின் உடைந்த முனையையும் நீதான் கண்டுபிடித்தாய். சுற்றிலும் கடல், குடிக்க ஒரு சொட்டு இல்லை. கீழே எதிரி முகாம் போட்டு உட்கார்ந்துவிட்டால் கோட்டையின் உயிர் இந்த அறையில்தான் இருந்திருக்கும். இருபது தடவை போன எனக்கு அன்றைக்குத்தான் கோட்டை புரிந்தது.

சுண்ணாம்பில் கடுக்காய் ஊறிய தண்ணீரைக் கலப்பார்கள் என்று சொன்னேன். உடனே சுவரில் மூக்கை வைத்து, "நம்ம மலைக் கடுக்காயாத்தான் இருக்கும். அதான் இத்தினி வருசம் நிக்குது" என்றாய்.

அதற்குள் மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்: "நான் கவனித்த வரையில் இது சிறை இல்லை." மூலை, கயிற்றுத் தடம், மண்குழாய், ஒன்று விடவில்லை. எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். மலைக்காரர் சொன்னார் என்றால் நம்பமாட்டார்கள் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அத்தனை கண்களும் என்மேல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நீ துளைக்கு நேர் கீழே வெளிச்சத்தில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

திரும்பும் வழியில் டீக்கடையில், "நல்லாத்தான் சொன்ன. நானு சொன்னா இப்டி நின்னு கேப்பாங்களா?" என்றாய். நான் தலைகுனிந்து கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை நீயே முந்திக்கொண்டு கொடுத்துவிட்டாய். நானும் மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டேன். கோட்டையைப் பற்றி நான் எழுதிய புத்தகம் வந்தபோது அதிலும் "நான் கவனித்த வரையில்" என்றே போட்டேன். உன் கடுக்காய்க் கேலியைக்கூட விடவில்லை; அழகான ஊகம் என்று அதைத்தான் நிறையப் பேர் பாராட்டினார்கள். உனக்கும் ஒரு பிரதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெட்கங்கெட்டவன்.

அந்தப் பிரதியைத்தான் இன்று உன் மகள் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவந்தாள்.

"அப்பா சொல்லிக்கினே இருப்பாருங்க, 'அந்தத் தொட்டிய நான்தான் கண்டுபுடிச்சேன், வாத்தியாரு புக்குல என் பேரப் போட்டுக்கீறாரு'ன்னு. எந்தப் பக்கம்னுதான் தெரியலிங்க."

நீ அந்தப் புத்தகத்தைப் படித்தவன். பேர் இல்லை என்று தெரிந்தவன். உன் வீட்டில் என் மானத்தைக் காப்பாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? "முன்னுரையில பாத்தியாம்மா?" என்றேன்.

"மூணு தடவ படிச்சேங்க."

பேனாவை எடுத்து, தொட்டியைப் பற்றி எழுதிய பக்கத்தின் ஓரத்தில், இதைக் கண்டது நான் இல்லை என்று எழுதி, உன் பேரைப் போட்டுக் கொடுத்தேன். அவள் நிதானமாகப் படித்தாள். கோபமே இல்லாமல் கேட்டாள்: "எல்லா புக்குலயும் எழுதுவீங்களாங்க?"

கடுக்காய் இப்போது மேஜையில் இருக்கிறது. சாயங்காலத்திலிருந்து பதிப்பாளருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். "நான் கவனித்த வரையில்" என்ற இடத்தில் "நான்" என்பதை எடுத்துவிட்டு உன் முழுப்பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பேரை எழுதிவிட்டேன். அதற்கு முன்னால் போட உன் இனிஷியல் எனக்கு ஞாபகம் இல்லை. வகுப்பில் தினமும் கூப்பிட்டதுதான், ஐந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதான். கொஞ்ச இடம் விட்டு வைத்திருக்கிறேன். உன் மகளுக்குத்தான் போன் செய்து கேட்க வேண்டும், அவள் அப்பாவின் முழுப்பேர் என்ன என்று.