மெயின் றோட்டு வளவுக்காரி

கல்முனைக்குடி
2010.03.03

என் அன்பு மகள் பஸ்மினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உம்மாவும் சுகம், அங்கே தோஹாவில் நீயும் மருமகன் றஸ்மியும் பேரனும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறோம். உம்மாவின் முழங்கால் வலி குறைவு, வாய்தான் குறையவில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறக்க முதல் அவள் போனைப் பறித்துவிடுவாள், இது அப்படிப் பறிகொடுக்கிற விசயமில்லை. ஆறுதலாக இருந்து வாசி.

மகள், நம்முடைய மெயின் றோட்டு வளவில் மூன்று மாடிக் கட்டடம் வரப்போகிறது! கீழே கடைகள், மேலே ஒபிஸ்கள். சண்டை முடிந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை, அதற்குள் றோட்டைப் பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. ஆமிக்காரரின் சென்றிகள் எடுபட்டுவிட்டன, அக்கரைப்பற்று பஸ் எங்கேயும் ஆட்களை இறக்கிச் சோதிக்காமல் ஓடுகிறது, கொழும்புக் கம்பனிக்காரர் இடம் இருக்கா இடம் இருக்கா என்று கேட்டுத் திரிகிறார்கள். ஹாட்வெயார் கடை ஜவுபர் வந்து, "ஹஸன் காக்கா, வெறும் வளவ வெச்சித் தேங்கா பொறுக்கிக்கிட்டு இரிக்கீங்க, நான் கம்பியும் சீமெந்தும் போடுறன், நீங்க வளவப் போடுங்க, மிச்சத்துக்கு பேங்க் இரிக்கி" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வட்டி என்றால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன், உனக்குத் தெரியும். ஆனால் இப்போது வங்கியில் வட்டியில்லாத பிரிவு வந்திருக்கிறது, முஷாரகா என்று பெயர். அவர்கள் கடன் தருவதில்லை, கட்டடத்தில் நம்மோடு பங்காளியாகச் சேர்கிறார்கள், வருகிற வாடகையில் அவர்களுடைய பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நாம் வாங்கிக்கொண்டே வந்தால் கடைசியில் முழுக் கட்டடமும் நமக்கு. பள்ளி மௌலவியிடமும் கேட்டேன், மார்க்கத்தில் கூடும் என்றார்.

வங்கி வளவை ஈடாகக் கேட்டது. சரி என்று நானும் ஜவுபரும் புதுச் சட்டை போட்டு, மஸ்கட் இனிப்பும் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, பாண்டிருப்பு நொத்தாரிசு கனகேஸ்வரி அம்மாவிடம் போனோம். அவர் காணி உறுதிப் பத்திரத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "காக்கா, இதுல உங்களுக்கு ஒரு பிடி மண்ணுமில்ல, இது உங்கட மகள்ட காணி" என்றார். நானும் வாங்கிப் பார்த்தேன், உன் பெயர்தான்! கடற்கரை வீட்டை சுனாமி கொண்டுபோக, உன் கலியாணத்துக்குக் கொடுக்க வீடில்லை என்று இந்த வளவைத்தானே சீதனமாக எழுதினோம். எழுதிக் கொடுத்தவனே நான். ஆனால் வேலி அடைப்பதும் தேங்காய் பறிப்பதும் நானாக இருந்ததால் என்னுடையது என்றே நடந்திருக்கிறேன். இந்த ஊரில் பெண்பிள்ளை பெற்ற வாப்பாமார் எல்லாரும் இப்படித்தான், மகளின் வளவில் நின்றுகொண்டு என் வளவு என்று கதைப்போம். ஜவுபர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அவர் தன் வீட்டுக்குப் போய் உறுதியைப் பார்த்தால் அவருடைய கடை நிற்கிற காணி மனைவியின் பேரில்!

அதனாலென்ன, பிள்ளையிடம் அற்றோணித் தத்துவம் எடுத்தால் அவளுக்குப் பதிலாக நானே கையெழுத்து வைத்து ஈட்டைக் கொடுக்கலாம் என்று வீட்டில் வந்து சொன்னேன். தேங்காய் திருவிக்கொண்டிருந்த உம்மா அப்படியே எழும்பினாள். "வீட்டக் கடல் கொண்டு போச்சி, வளவ நீங்க பேங்குக்குக் குடுங்க, நாளைக்கிக் கட கிட ஓடாட்டி என்ட புள்ள எங்க வந்து இரிக்கிற?" என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனாலும் அவள் கேட்டது நியாயம். அடுத்த நாள் அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். கனகேஸ்வரி அம்மா ஒரு வழி சொன்னார், கேட்டு நான் துள்ளாத குறை! வளவை ஈடு வைக்கவே தேவையில்லை. நீ அதை எனக்கும் ஜவுபருக்கும் இருபது வருசக் குத்தகைக்குத் தருகிறாய், மாதாமாதம் குத்தகைக் காசு உனக்கு வரும். வங்கியும் நாங்களும் மேலே எழும்புகிற கட்டடத்தில் மட்டும்தான் பங்காளிகள். வியாபாரம் கவிழ்ந்தால் வங்கி கடை வாடகையையும் மிச்சக் குத்தகைக் காலத்தையும் பிடிக்கலாம், மண்ணைத் தொட ஏலாது. குத்தகைத் தவணை முடிந்தால் மூன்று மாடியோடும் வளவு உன் கைக்கு வரும். வங்கி மனேஜர் முகத்தைச் சுளித்து, அப்படியென்றால் உங்கள் பங்கைக் கூட்டிப் போடுங்கள் என்றார். ஜவுபர் லொறியை விற்கத் துணிந்துவிட்டார், மனேஜரும் இறங்கி வந்தார். அடுத்த மாத முடிவுக்குள் உன் சம்மதம் வரவேண்டும், வராவிட்டால் வேறு ஆட்களோடு கதைப்பார்களாம்.

ஜவுபர் ஒவ்வொரு நாளும் வந்து கேட்கிறார். வளவுக்காரியைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன், அதைச் சொல்லும்போது எனக்கு என்ன பெருமை தெரியுமா! ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குக் கொள்ளை ஆசை, மனதுக்குள் கட்டி முடித்துப் பெயின்டும் அடித்துவிட்டேன். ஆனாலும் உனக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடுவோம், நான் தேங்காய் பொறுக்குகிறேன், மனதில் ஒன்றும் வைக்கமாட்டேன். மருமகனோடும் கதைத்துப் பார். விருப்பமென்றால், உனக்குப் பதிலாக நான் குத்தகை எழுத, இத்துடன் வரும் அற்றோணித் தத்துவப் பத்திரத்தைத் தூதரகத்துக்குக் கொண்டுபோய்க் கையெழுத்து வை. ஒன்றை மறந்துவிடாதே. விற்கவோ ஈடு வைக்கவோ அதிகாரமில்லை என்று அதில் ஒரு வரி இருக்கும், உம்மா பக்கத்தில் நின்று போடுவித்தது. நாளைக்கு நானே அந்த வரி இல்லாமல் இன்னொன்றை அனுப்பினாலும், வாப்பாதானே என்று கையெழுத்து வைத்துவிடாதே. எனக்கு ஆசை கூடினால் மூளை வேலை செய்யாது, நீ அறிவாய்.

பேரனை வெயிலில் கொண்டு திரியாதே. மருமகனுக்கு எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் பறக்கத்தும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
சம்மதித்தால் உன் குத்தகைக்காரன்,
சம்மதிக்காவிட்டாலும் உன் வாப்பா,
அபுல் ஹஸன்