சாட்டினுக்குத் தளர்த்திய நூல்

கடையைப் பெருக்கும்போது உன் மெஷினுக்கு அடியில் ஒரு வெள்ளைச் சாட்டின் துண்டு கிடந்தது. தையல் நெடுகச் சுருங்கி, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. போன வாரம் நான் பட்ட பாடு அது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நாளை மறுநாள் உன் மகள் ஸ்டெல்லாவுக்குச் சர்ச்சில் கல்யாணம். கவுனைச் சேலத்தில் ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். ‘எங்கம்மா மெஷின்லதானுங்க தைக்கோணும், சித்திதான் தைக்கோணும்’ என்று ஸ்டெல்லா ஒரே பிடிவாதம். அது யாரிடமிருந்து வந்த குணம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் மெஷினில் நான் கை வைக்காத காரணம் உனக்குத் தெரியும். நீ தைத்தது ஸ்கூல் யூனிஃபார்ம், கெட்டித் துணி. நூலை இறுக்கியே வைப்பாய். நான் ஜாக்கெட்காரி, தளர்வாக வைப்பேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இந்தச் சின்னக் கடையில் இரண்டு மெஷினையும் ஒட்டிப் போட்டுக்கொண்டு நாம் போடாத சண்டையா? ஒரு தடவை நான் டீ குடிக்கப் போன நேரத்தில் என் மெஷினில் நூலை இறுக்குகிற டென்ஷன் நட்டைத் திருகிவிட்டாய்.

‘நூலு தொளதொளன்னு இருந்துச்சு புள்ள. பாவமேன்னு முறுக்கிவுட்டேன்.’

பாவமா! வாழவந்தியிலிருந்து வந்த ஒரு அம்மாவின் பட்டு ஜாக்கெட், கை முழுக்கச் சுருக்கம். ‘இனி உன் மெஷினை நான் தொடமாட்டேன், என் மெஷினை நீ தொடக்கூடாது’ என்று கத்தினேன். அன்று முழுக்கப் பேச்சில்லை. கத்திரிக்கோலைக்கூட, அளவு கொடுக்க வந்தவர்கள் கையில் கொடுத்துத்தான் அனுப்பினோம். சாயங்காலம் தையலை எல்லாம் நீயே பிரித்துக் கொண்டுவந்து, ‘ஏனுங்க மேடம், இன்னும் கோவமுங்களா?’ என்றாய். சிரிக்காமல் எப்படி இருப்பது?

நீ கண்ணை மூடிய பிறகும் நான் அந்தப் பேச்சைக் காப்பாற்றினேன். மெஷினைத் துடைப்பேன், எண்ணெய் விடுவேன், நட்டைத் தொடமாட்டேன். நீ கடைசியாக வைத்துவிட்டுப் போன இறுக்கம் அது. திருகிவிட்டால் உன் கை பட்டது எதுவுமே மிஞ்சாது என்று பயம். பைத்தியக்காரத்தனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் சாட்டின் உன் இறுக்கத்தைத் தாங்குமா? ஊசியை மாற்றினேன். நூலை மாற்றினேன். இந்த மலை மூடுபனியில் துணி நமுத்துவிட்டது என்றேன். சாட்டின் விற்ற கடைக்காரரைத் திட்டித் தீர்த்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

‘ஏனுங்க சித்தி, அந்த நட்டைத் திருப்புனாச் சரியாப் போயிருமில்லீங்க?’

‘அது உங்கம்மா வெச்சது கண்ணு.’

‘அம்மா அதை யூனிஃபார்முக்கு வெச்சாங்க சித்தி. எனக்கு வெக்கலீங்களே. எனக்குத் தைக்கறதா இருந்தா அவங்களே திருப்பியிருப்பாங்கல்லீங்க?’

அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு நட்டை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டைத் தைத்துப் பார்த்தேன். மேல் நூலும் அடி நூலும் துணிக்குள்ளேயே கட்டிக்கொண்டு, சாட்டின் சமமாகப் படுத்தது. அதற்குமேல் உன் மெஷின் ஒரு வம்பும் பண்ணவில்லை.

இன்று காலை ஸ்டெல்லா கவுனைப் போட்டுப் பார்த்தாள். எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. ரொம்ப நேரம் கண்ணாடி முன்னால் நின்றவள் திடீரென்று திரும்பினாள்.

‘எனக்கு எடது தோள் கொஞ்சம் எறக்கமுங்க சித்தி. கடையில எடுக்கற சுடிதாரெல்லாம் அந்தப் பக்கம் நழுவும். இது மட்டும் எப்படிங்க கப்புன்னு நிக்குது? நான் சொல்லவே இல்லீங்களே?’

அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. டேப் பிடித்தபோது நான் அதைக் கவனிக்கவில்லை. உனக்கும் அதே இடது தோள் இறக்கம். இத்தனை வருஷமாக உன் ஜாக்கெட் எல்லாம் நான்தானே தைத்தேன். துணியை வெட்டும்போது என் கை தானாகவே அங்கே இறக்கி வெட்டியிருக்கிறது, புள்ள.